காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

ஜனவரி 19

நபீலா இன்று டொராண்டோவுக்குத் திரும்பிப் போனாள். டாக்ஸி வரைக்கும்கூட நான் போகவில்லை. இத்தாவில் இருப்பவள் வாசற்படிக்கு இந்தப் பக்கம்தான். கதவுக்குப் பின்னால் நின்று மகளைக் கட்டிக்கொண்டேன். "உம்மா, நேரத்துக்குச் சாப்புடுங்க, அது போதும் எனக்கு" என்றாள். சரி என்றேன்.

இது என் கணவருடைய டைரி. புது வருடத்துக்கென்று டிசம்பரிலேயே வாங்கி வைத்திருந்தார். ஜனவரி இரண்டாம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார். உள்ளே அவர் கையெழுத்தில் இருப்பது ஒரே வரி, மார்ச் ஆறாம் தேதிக்கு நேரே: பல் டாக்டர், காலை. மீதிப் பக்கங்களெல்லாம் வெறுமையாக இருக்கின்றன. இந்த வெள்ளைக்கார ஊரில் தமிழ் பேச எனக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். இனி இதில் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

கணவர் இறந்தால் இத்தா என்று நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை, நகை கிடையாது, அத்தர் கிடையாது. கல்யாணக் கருகமணியைக் கழற்றி அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். காயல்பட்டினத்தில் என் லாத்தா, எனக்கு மூத்தவள், இத்தா இருந்தபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாமிமார், மச்சிமார், ஓத வருகிறவர்கள், சும்மா வருகிறவர்கள் என்று, தனியாக அழக்கூட அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே மாடியில் மூன்று அறை, கீழே இரண்டு. எந்த அறையில் வேண்டுமானாலும் அழலாம்.

ஜனவரி 21

தேயிலை, ரஸ்க். பனி.

ஜனவரி 27

காலையில் டெலிபோன் அடித்தது. மகள் என்று ஓடினேன். வானொலி நிலையத்திலிருந்து ஹேலி என்ற பெண். இந்த ஊர்க் காலை நிகழ்ச்சியைத் தயாரிக்கிறவள் அவள். பெயர் தெரியும், முகம் தெரியாது. "மிஸ்டர் மக்தூம் இருக்கிறாரா, அவசரம்" என்றாள்.

பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உலகத்தில் எங்காவது ஒரு முஸ்லிம் ஒரு கொடுமையைச் செய்துவிட்டால் எங்கள் வீட்டு அடுக்களை டெலிபோன் அடிக்கும். இவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிவாசல் கமிட்டியில் அவருக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஒரு காலத்தில் பஸ் நேரத்தை மாற்றியதைப் பற்றி வானொலிக்குப் புகார் எழுதினார். அதிலிருந்து பெயரையும் நம்பரையும் குறித்து வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸைப் பற்றி ஒரு தடவையும் கேட்கவில்லை.

அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். பாவம் அந்தப் பெண். மன்னிப்புக் கேட்டாள், பிறகு மறுபடி மன்னிப்புக் கேட்டாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பக்கத்து நகரத்து ரயில் நிலையத்தில் ஒருவன் இரண்டு பேரைக் கத்தியால் குத்திவிட்டான், வேறு யாருடைய நம்பரும் கையில் இல்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேட்டாள்.

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதுவரை தெரியவில்லை. டெலிபோனை வைத்தால் வீடு மறுபடி அமைதியாகிவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

இன்னொரு ஆளுக்கு இணைப்பைக் கொடுத்தாள். வயதான குரல். "காலை வணக்கம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.

அடக்கம் முடிந்து இத்தனை நாளில் இந்த ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. நம் ஊரில் மையித்து விழுந்த வீட்டுக்காரியிடம் முதலில் கேட்பதே அதுதானே. யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு அது தோன்றியிருக்கிறதே என்று, எல்லாவற்றையும் சொன்னேன். ரஸ்க் தின்றேன், முழுதாகத் தின்னவில்லை, என் கணவருக்குக் காலையில் இடியாப்பம் வேண்டும், அவர் போனதிலிருந்து இடியாப்ப உரலைத் தொடவில்லை, தனக்கென்று மட்டும் யார் பிழிவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். "நன்றி, மிகச் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உடனே கிரெய்க் வந்துவிட்டான், நிகழ்ச்சி நடத்துகிறவன். முஸ்லிம் சமூகத்தின் சார்பில் இதைக் கண்டிக்கிறீர்களா என்றான். கண்டிக்கிறேன் என்றேன். குத்துப்பட்டவர்களில் ஒருத்தி நபீலா வயது. அதைக் கண்டிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குத்தியவன் என் கூடப் பிறந்த தம்பி என்பது போலவும், நான் வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்பது போலவும் இருந்தது கேட்ட தோரணை. ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் வானிலை அறிக்கை வந்துவிட்டது.

ஜனவரி 28

ஹேலி நன்றி சொல்லக் கூப்பிட்டாள். நேற்று என்னிடம் பேசிய பெரியவர் பெயர் என்ன, அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவு அன்பாக விசாரித்தார் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள்.

விஷயம் இதுதான். அது லெவல் பார்க்கிற கேள்வியாம். குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று கருவியில் சரிசெய்ய, நிகழ்ச்சிக்கு முன்னால் எல்லோரிடமும் அதையே கேட்பார்களாம். மந்திரியானாலும் சரி, கால்பந்துக்காரனானாலும் சரி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள். பதிலை யாரும் கேட்பதில்லை, சத்தத்தை மட்டும் கேட்பார்கள்.

வெட்கமாகப் போய்விட்டது. டெலிபோனில் இருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

இப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. இவர் ஒவ்வொரு தடவையும் டெலிபோனை எடுத்ததும் இடியாப்பத்தைப் பற்றிப் பேசுவார். அரிசி மாவு, ஆவி, தேங்காய்ப் பால் என்று வகுப்பு எடுப்பார். எங்கோ மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள், இவர் என்ன இடியாப்பக் கதை அளக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆக, அவரும் ஏமாந்திருக்கிறார். பன்னிரண்டு வருடமும்.

வைப்பதற்கு முன்னால், அவர் பேசிய பழைய ஒலிப்பதிவுகளை வைத்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். பழைய பதிவுகள் கிடக்கும் கிட்டங்கியில் தேட வேண்டும், தேடிப் பார்க்கிறேன் என்றாள்.

சும்மாதான் கேட்டேன்.

பிப்ரவரி 3

நபீலா கூப்பிட்டாள். அவள் கைபேசியில் வாப்பாவின் குரல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாப் படத்தையும் எடுத்தது அவர்தான், எதிலும் அவர் இல்லை. ஒன்றே ஒன்று கிடைத்து அனுப்பியிருக்கிறாள். பேரனின் பிறந்தநாள். பலூன் தெரிகிறது. படம் முடிகிற இடத்தில் "எடுத்தாச்சா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். அதையும் கேக் வெட்டுகிற கைதட்டல் பாதி மூடிவிட்டது.

குரல் மறந்துபோகுமா? அவர் செருமுவது நினைவிருக்கிறது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நினைவுக்குக் கொண்டுவந்தால் என் குரலில்தான் கேட்கிறது. இதை நபீலாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5

பஷீர் சாஹிப் டெலிபோன் செய்தார். பள்ளிவாசல் கமிட்டித் தலைவர். முதலில் உருதுவில் ஆரம்பித்தார், வழக்கம்போல. எனக்கு உருது தெரியாது என்பதை இருபத்தாறு வருடமாக அவரால் நம்ப முடியவில்லை. அவர் மனைவியும் மற்றப் பெண்களும் அடக்கம் முடிந்து மூன்று நாள் பிரியாணி கொண்டுவந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். நல்ல மனுஷிகள். ஒரு வார்த்தை விளங்கவில்லை. நான் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

வானொலியில் பேசியது நன்றாக இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, இத்தாவில் இருக்கும் சகோதரியின் குரல் ஊர் முழுக்கக் கேட்பது சரியா என்று சிலர் கேட்கிறார்கள், அடுத்த முறை அவர்கள் கூப்பிட்டால் என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள் என்றார். யார் அந்தச் சிலர் என்று நான் கேட்கவில்லை. உறைந்த மண்ணில் ஆளைப் பிடித்துக் கபுர்க் குழி வெட்டச் செய்தது அவர்தான். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

சரி பார்க்கலாம் என்றேன். நம்பரைக் கொடுக்கப்போவதில்லை. நம்பரைக் கொடுத்துவிட்டால் ஹேலி எதற்கு எனக்காகக் கிட்டங்கியில் தேடுவாள்?

பிப்ரவரி 11

குப்பைத் தொட்டிதான் பெரிய பாடு. இன்று எந்த நிறத் தொட்டியைத் தெருவில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு பாலின் நான் கேட்காமலே இரண்டு வாரமாக எடுத்து வைக்கிறாள். எழுபது வயது, ஒரு இடுப்பு மாற்று எலும்பு. அடுக்களை ஜன்னல் வழியாக நன்றி சொன்னேன். "வானொலியில் கேட்டேன், உன் குரல் களைத்திருந்தது" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. மழை வந்துவிட்டது, துணியை எடுக்க ஓடினாள். ஓடினாள் என்றால், அவள் ஓடுகிற மாதிரி.

பிப்ரவரி 20

ஹேலி. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் தலைத்துணி போட்ட சிறுமிகளைப் பற்றித் தகராறு. உங்கள் கருத்து என்ன? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? ரஸ்க். நன்றி, மிகச் சரியாக இருக்கிறது.

பேசி முடித்ததும் ஒலிப்பதிவைப் பற்றிக் கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

மார்ச் 6

இன்று அவருக்குப் பல் டாக்டர். ரத்து செய்யக் கூப்பிட்டேன். வேறு தேதி வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். பல்லை அலட்சியம் செய்யாதீர்கள் என்று அவரிடம் சொல்லச் சொன்னாள்.

மார்ச் 14

ஹேலி என்னை நிலையத்துக்கே வரச் சொன்னாள். கிரெய்க்குக்கு என் குரல் பிடித்திருக்கிறதாம், பெண் குரல், நிதானமான குரல், நேரில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசலாமாம். வர முடியாது, இத்தாவில் இருக்கிறேன் என்றேன். அது என்ன என்றாள். சொன்னேன். அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

சொல்லியிருக்கக் கூடாது.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். இதைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி செய்யலாமா, நீங்கள் வீட்டிலிருந்தபடியே பேசலாம், மரியாதையாகச் செய்வோம் என்று உறுதி கொடுத்தாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மிஸ்டர் மக்தூமின் ஒலிப்பதிவு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, எடுத்து அனுப்ப ஆள்தான் வேண்டும் என்றும் சொன்னாள். அவள் அதை வியாபாரமாகச் சொல்லவில்லை. நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். சரி என்றேன்.

மார்ச் 18

நிகழ்ச்சி முடிந்தது. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

என்னிடம்தான் முதலில் வந்தான் கிரெய்க். உங்களை வெளியே போகவிடாமல் யார் தடுக்கிறார்கள் என்றான். யாருமில்லை என்றேன். கணவர் வீட்டாரா என்றான். கணவர் வீட்டார் எங்கே வந்தார்கள்? காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குத்தான். இங்கே இந்த வீட்டை வாங்கியபோதும் ஊர் வழக்கப்படி என் பெயரில்தான் எழுத வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் பார்த்தார். அதைச் சொல்லலாம் என்று "எங்கள் ஊரில்" என்று ஆரம்பித்தேன். "உங்களிடம் திரும்ப வருகிறேன்" என்று கிரெய்க் போய்விட்டான்.

திரும்ப வரவே இல்லை. நான் டெலிபோனைக் காதில் வைத்தபடி நின்றேன். பெண்ணுரிமைக்காகப் பேசுகிற ஒரு அம்மாள் என்னை விடுவிக்க வேண்டும் என்றாள். இந்த மாதிரிப் பெண்களுக்குத் தாங்கள் அடைபட்டிருப்பதே தெரியாது என்றாள். அப்புறம் பஷீர் சாஹிப் வந்தார். இஸ்லாம் பெண்ணுக்குக் கொடுத்திருக்கும் கண்ணியத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். சகோதரி பரிபூரண மனநிம்மதியோடு இருக்கிறார் என்றார். அவருக்கு யார் சொன்னார்கள்? நேயர்கள் கூப்பிட்டார்கள். ஒருவர் என்னை என் ஊருக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். ஒருத்தி எனக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னாள். எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள், என் வீட்டு டெலிபோனில், என் காதுக்குள்ளேயே. நான் "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தேன். என் இணைப்பின் சத்தத்தை இறக்கி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் என்னைப் பூட்டவில்லை. அவசியமென்றால் கடைக்குப் போக மார்க்கத்திலேயே இடம் இருக்கிறது. நான்தான் போகவில்லை. வெளியே போனால் அவர் இல்லாத ஊரில் எல்லோரும் வழக்கம்போல ரொட்டி வாங்கிக்கொண்டும் பஸ் ஏறிக்கொண்டும் இருப்பார்கள். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கு நான்கு மாதம் பத்து நாள் தவணை கொடுத்திருப்பது எனக்குப் பெரிய உபகாரமாக இருக்கிறது. எனக்குக் கஷ்டம் இத்தா இல்லை. அதைத் தனியாக இருப்பதுதான் கஷ்டம்.

மத்தியானம் பாலின் ஜன்னலைத் தட்டினாள். "உன்னிடம் திரும்ப வருகிறேன் என்றானே, வரவில்லையே" என்றாள். இந்த ஊரில் அதைக் கவனித்தவள் அவள் ஒருத்தி. ஒரு தட்டில் ஏதோ கேக் வைத்துக் கொடுத்தாள். பன்றிக்கொழுப்பு சேர்க்கவில்லை, பெட்டியைப் படித்துப் பார்த்தேன் என்றாள். அழுதுவிட்டேன். அவள் தோட்டத்து வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 19

கேக் பாதி மிச்சம்.

ஏப்ரல் 2

வந்துவிட்டது. ஹேலி கணினிக்கு அனுப்பியிருக்கிறாள். பன்னிரண்டு வருடத்துப் பேச்சு.

தொழப் போவது போலக் கை கால் கழுவி உளூ செய்து, துப்பட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேனோ. பெண் பார்க்க வந்த அன்று உட்கார்ந்த மாதிரி.

முதலாவதைத் திறந்தேன். "இதை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்." இரண்டாவது. "எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத செயல்." மூன்றாவது. "அப்பாவி உயிர்களைக் கொல்வதை எங்கள் மார்க்கம்..." எல்லாமே அந்த ஆங்கிலம், அந்த வானொலிக் குரல். நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற குரல். வருடம் மாறுகிறது, ஊர்ப் பெயர் மாறுகிறது, இவர் மாறவில்லை. கடைசியில் நன்றி மிஸ்டர் மக்தூம். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்? ஒரு தடவையாவது அவரிடம் சிரிக்கிற விஷயத்தைக் கேட்டிருக்கிறார்களா? குழாய்க்கு அமிலம் ஊற்றாதீர்கள் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர். மழைமானியைத் தோட்டத்தில் நட்டுவைத்து வருடக்கணக்காக அளவு எழுதியவர். இந்த மனிதர் யார் என்று நாளைக்கு யாராவது தேடினால் இதுதான் கிடைக்கும். வாழ்க்கை முழுவதும் கொலைகளைப் பற்றிப் பேசிய ஒருவர்.

என் புருஷன் இதில் இல்லை. எல்லாவற்றையும் கேட்டேன், இல்லை.

ஏப்ரல் 4

படுக்கையை விட்டு எழவில்லை. மத்தியான லுஹர்த் தொழுகை தவறிப்போய், நேரம் கடந்து களாவாகத் தொழுதேன். நபீலா கூப்பிட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

ஏப்ரல் 9

ஹேலிக்கு எழுதினேன். நன்றி. ஆனால் இதெல்லாம் ஒலிபரப்பானவை. இதற்கு முன்னால், லெவல் பார்க்கும்போது பேசியது இருக்கிறதா என்று கேட்டேன்.

உடனே பதில் போட்டாள். அந்தப் பகுதிகளை வெட்டி எறிந்துவிடுவார்களாம், ஒருவருக்கும் பயன்படாது என்பதால். வருத்தப்படுவதாக எழுதியிருந்தாள். எதற்கு அது வேண்டும் என்றும் கேட்டிருந்தாள்.

அதில்தான் அவர் இருக்கிறார் என்று எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, பரவாயில்லை என்று மட்டும் அனுப்பினேன். இரண்டில் எது போயிற்று என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கணினி விஷயத்தில் என்னை நம்ப முடியாது.

ஏப்ரல் 16

வெயில். பாலின் தன் வீட்டுப் புல்லோடு என் வீட்டுப் புல்லையும் வெட்டினாள். மழைமானியைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுவைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 24

ஹேலியிடமிருந்து ஒன்று. ஏழு வருடத்துக்கு முந்தையது. யாரோ வெட்ட மறந்து முழுதாக வைத்துவிட்டார்களாம். கிட்டங்கியில் தானே உட்கார்ந்து தேடியதாக எழுதியிருக்கிறாள். அப்படியானால் முதலில் எழுதியதுதான் போயிருக்கிறது. கூடவே ஒரு குறிப்பு: "நடுவில் அவர் வேறு ஏதோ மொழியில் பேசுகிறார், தெளிவாக இல்லை, உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் அந்த இடத்தை வெட்டித் தருகிறேன்."

நல்லவேளை, கேட்டுவிட்டு வெட்டலாம் என்று நினைத்தாள்.

அப்படியே எழுதி வைக்கிறேன். கணினி கெட்டுப்போனாலும் இது இருக்கும்.

அந்தப் பெரியவர் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். இவர் இடியாப்பம் என்கிறார். அரிசி மாவை நூல் நூலாகப் பிழிந்து ஆவியில் அவிப்பது என்று விளக்குகிறார். பிறகு, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்கிறார். அந்தப் பெரியவர் சிரிக்கிறார். முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்கிறார். வெறும் வயிற்றோடு வேலை செய்யாதீர்கள் என்கிறார் இவர். பன்னிரண்டு வருடமும் ஏமாந்தார் என்று எழுதினேனே, இல்லை. அவர் ஏமாறவில்லை. அவர் அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் காத்திருங்கள் என்கிறார் பெரியவர். இவர் டெலிபோனின் வாயைக் கையால் பொத்துகிற சத்தம். அடைத்த குரலில், தமிழில்:

"ஜுவை, நீ சாப்ட்டியா?"

தூரத்தில் என் குரல். கரண்டி கையில் இருந்திருக்க வேண்டும். "செத்தவங்களப் பத்திப் பேசப் போறீங்க, இப்ப இதுவா முக்கியம்? மொதல்ல பேசி முடிங்க."

"அதப் பேசத்தானே போறேன். நீ ஆறிப்போறதுக்கு முந்திச் சாப்புடு. எனக்காக நிக்காதே."

கை விலகுகிறது. கிரெய்க் வருகிறான். இதை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எத்தனை தடவை கேட்டேன் என்று எழுத மாட்டேன். ஜுவைரியா என்ற முழுப் பெயரை ஜுவை என்று சுருக்கியவர் அவர் ஒருவர்தான். உம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் குரலில்தான் கேட்டது, என் குரலில் அல்ல.

ஏப்ரல் 25

இடியாப்ப உரலை எடுத்துக் கழுவினேன். கை பழக்கம் விட்டுப்போய் முதல் தட்டு கட்டி கட்டியாக வந்தது. இரண்டாவது சரி. உட்கார்ந்து சாப்பிட்டேன். சூடாக.

மே 10

இன்று அந்தி மக்ரிப் தொழுகையோடு இத்தா முடிந்தது. ஊரில் என்றால் குளிப்பாட்டி, புதுச் சேலை உடுத்தி, பாத்திஹா ஓதி, வீடு முழுக்கச் சோறு போட்டிருப்பார்கள். நானே குளித்தேன். நபீலா டெலிபோனில் இருந்தாள். நீலச் சேலை கட்டிக்கொண்டேன். பஷீர் சாஹிபின் மனைவி ஒரு பாத்திரம் நிறைய ஹல்வா அனுப்பியிருந்தார், பாத்திரத்தின் மேல் கட்டிய துணியில் ஒரு முடிச்சு மல்லிகை. இந்த ஊரில் மல்லிகை எங்கே கிடைத்ததோ. மொழி தெரியாமலே அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் நான்தான் கதவை ஒருக்களித்து வைத்திருந்தேனோ என்று தோன்றியது.

மே 11

பஸ்ஸில் அவரை அடக்கிய கபுருஸ்தானுக்குப் போனேன். எல்லோரும் ரொட்டி வாங்கிக்கொண்டும் பஸ் ஏறிக்கொண்டும்தான் இருந்தார்கள். பார்க்க முடிந்தது. அவர் மண்ணில் புல் முளைத்திருக்கிறது. சலாம் சொல்லி, ஓதிவிட்டு, மழை அளவு எழுத ஆளில்லை, பாலினிடம் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னேன். தொப்பி போட்ட ஒரு கிழவர் அடுத்த வரிசையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். தனியாகப் பேசுகிறவளைப் பார்க்கிற பார்வை அல்ல. அவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மே 13

இன்று காலை நானே வானொலி நிலையத்துக்குக் கூப்பிட்டேன். அங்கிருந்துதான் இங்கே அடிக்கும், இங்கிருந்து அங்கே அடித்தது இதுதான் முதல் தடவை. ஹேலி எடுத்தாள். நான் பெயரைச் சொன்னதுமே அவள் குரல் மாறிவிட்டது.

"எங்கே? என்ன நடந்தது?" என்றாள்.

எங்கும் எதுவும் நடக்கவில்லை என்றேன்.

அப்படியானால் நிகழ்ச்சிக்கா என்றாள். இல்லை என்றேன். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

சிரித்தாள். சத்தம் நன்றாக வருகிறது, மிகச் சரியாக இருக்கிறது என்றாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். லெவலுக்காக அல்ல, நிஜமாகத்தான் கேட்கிறேன் என்றேன்.

வானொலிக்காரர்களுக்கு மௌனம் ஆகாது என்று இவர் சொல்வார், ஒரு விநாடி சத்தம் நின்றால் பதறிவிடுவார்களாம். ஹேலி பதறவில்லை. நிறைய நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு, நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். போன மாதம் வரை கூட இருந்தவன் போய்விட்டான், தனக்கென்று மட்டும் சமைக்கப் பிடிக்கவில்லை என்றாள். அவள் குரலுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. வீட்டுக்கு வா, மைக் எதுவும் கொண்டுவராதே என்றேன். பார்க்கிறேன் என்றாள்.

மே 15

வியாழன். பாலினையும் கூப்பிட்டிருக்கிறேன், இடுப்பு வலித்தால் வர மாட்டேன் என்றிருக்கிறாள். ஹேலி வருவாளோ மாட்டாளோ தெரியவில்லை. எங்காவது ஏதாவது நடந்துவிட்டால் அவளுக்கு வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். வந்தால் அவளிடம் முதலில் மழைமானியைக் காட்ட வேண்டும்.

மூன்று தட்டு வைத்திருக்கிறேன். முதல் ஈடு இறக்கியாயிற்று, தேங்காய்ப் பால் எடுத்தாயிற்று. தெருவில் இன்னும் யாரையும் காணவில்லை. காத்து நிற்கலாம் என்றுதான் ஜன்னலருகே போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஆறிப்போவதற்கு முந்திச் சாப்பிட உட்காருகிறேன்.